கூர்ப்புக் (பரிணாமக்) கொள்கை பற்றிய கட்டுரை: ஓர் ஆசிரியையின் மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உயிரும் மனிதனும் மொழியும் தோன்றிய விதம் பற்றிச் சென்ற ஞாயிறு மலரில் தாங்கள் முழுப் பக்கத்தில் வெளியிட்ட கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். “டார்வின் கூறியது வெறும் ஊகமே, குரங்கு மனிதனாக மாறியது உண்மையானால் இன்றுள்ள குரங்குகள் ஏன் மாறவில்லை?” என்ற வாக்கியத்தை நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்ற ஐயத்தில் இரண்டாந் தரமும் வாசித்தேன். என் விளக்கத்தில் பிழை இருக்கவில்லை.

நான் முப்பத்தொரு வருடம் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். அன்று பின்னேரமே பக்கத்து வீட்டுப் பிள்ளை, இவ்வருடம் பரீட்சைக்குத் தோற்ற இருப்பவள், அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு படலையைத் திறந்து வந்தாள். “ரீச்சர், பேப்பரில இப்பிடிப் போட்டிருக்கு. சோதினையில நான் எதை எழுதிறது?” என்று கேட்டாள். அவள் முகத்தில் இருந்தது உண்மையான பயம். ஒரு பத்திரிகையில் அச்சாகிய சொல்லுக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பதைத் தாங்கள் அறியாதவரல்லர். அந்த மதிப்பை இப்படிச் செலவழித்துவிட்டீர்களே என்பதுதான் என் மனவருத்தம்.

இன்றுள்ள குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று டார்வின் எந்த இடத்திலும் எழுதவில்லை. 1859 இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற நூலில் அவர் மனிதனைப் பற்றி அநேகமாக ஒன்றுமே சொல்லவில்லை. 1871 இல் வெளிவந்த ‘மனிதனின் வழித்தோற்றம்’ என்ற நூலிலேதான் மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் பொதுவான மூதாதை இருந்ததென்றும், அந்த மூதாதை ஆபிரிக்காவில் வாழ்ந்திருக்கக்கூடுமென்றும் எழுதினார். வகுப்பில் இதைக் கற்பிக்க நான் எப்போதும் என் அப்பாவின் தாயாரான அப்பாச்சியைத்தான் துணைக்கு அழைப்பேன். என்னுடைய சித்தப்பாவின் பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கிறேன். அவர்கள் என்னிலிருந்து வந்தவர்களுமல்லர், நான் அவர்களிலிருந்து வந்தவளுமல்ல. இரண்டு பகுதியும் ஒரே அப்பாச்சியின் வழி வந்தவை. அவர்கள் கனடாவில் இருப்பதால் நான் இங்கே இருக்க முடியாது என்று ஒருவரும் சொல்வதில்லை. சிம்பன்சிக்கும் எங்களுக்கும் பொதுவான அந்த அப்பாச்சி வாழ்ந்து ஏறத்தாழ அறுபது, எழுபது இலட்சம் வருடங்கள் ஆகின்றன. சிம்பன்சி, கொரில்லா போன்ற பெரிய வாலில்லாக் குரங்குகளுக்கு 48 நிறமூர்த்தங்களும் (குரோமோசோம்களும்) மனிதருக்கு 46 நிறமூர்த்தங்களும் இருப்பதன் காரணமும் தெரிந்ததே: அவற்றில் இரண்டாக இருந்தவை எங்களில் ஒட்டி ஒன்றாகிவிட்டன, ஒட்டிய அடையாளம் எங்கள் இரண்டாம் நிறமூர்த்தத்தில் இன்றும் இருக்கிறது.

“வெறும் ஊகம்” என்ற சொல்லுக்கு வருகிறேன். விஞ்ஞானத்தில் ஊகம் வேறு, கருதுகோள் வேறு, கொள்கை வேறு. கொள்கை என்பது பல சான்றுகளால் உறுதிப்பட்ட விளக்கம். நோய்கள் கிருமிகளால் வருகின்றன என்பதும் ஒரு கொள்கைதான். அதற்காக நெருப்புக் காய்ச்சல் (டைபாய்டு) பரவும் நாட்களில் எவரும் கிணற்றுக்குக் குளோரீன் இடாமல் விடுவதில்லை. சூழலைத் தாக்குப்பிடிப்பவை பிழைத்துப் பெருகும் இயற்கைத் தேர்வைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் நாட்டிலேயே இருக்கிறார்கள். நான் சிறுமியாக இருந்த காலத்தில் மலேரியாவுக்கு மருந்தடிப்பவர்கள் வீடு வீடாக வந்து சுவர்களுக்கு டீ.டீ.ரீ. என்ற பூச்சிகொல்லியை விசிறிவிட்டுப் போவார்கள், அதன் வெள்ளைக் கறை நெடுநாள் சுவரில் இருக்கும். 1963 இல் இலங்கை முழுவதிலும் பதினேழு பேருக்கு மட்டுமே மலேரியா என்ற நிலை வந்தது. ஐந்தாறு வருடத்துக்குள் நோய் இலட்சக்கணக்கானவர்களைப் பிடித்தது. விசிறலைத் தளர்த்தியது முதற் காரணம். மீண்டும் விசிறத் தொடங்கியபோதோ அந்த மருந்துக்குச் சாகாத நுளம்புகளின் சந்ததி பெருகியிருந்தது, பின்னர் வேறு மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. இதை ஊகம் என்று எழுத எப்படி மனம் வந்தது?

இந்த இடத்தில் ஒரு பழைய முறைப்பாட்டையும் சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் பாடநூலில் உள்ள சொல் கூர்ப்பு. தங்கள் மலரில் எப்போதும் பரிணாமம். நாங்கள் கலம், நிறமூர்த்தம், உயிர்ச்சுவடு என்று கற்பிப்போம். தாங்கள் செல், குரோமோசோம், புதைபடிவம் என்று அச்சிடுவீர்கள். தமிழகச் சொற்கள் மீது எனக்கு எந்த வெறுப்பும் இல்லை, அவையும் நல்ல சொற்களே. ஆனால் மானிப்பாயில் இருந்துகொண்டு அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்குவித்த மண் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொல் தேடிய ஊரில் வெளிவரும் பத்திரிகை, இங்குள்ள பிள்ளைகள் படிக்கும் சொற்களை ஒதுக்குவது சரியல்ல என்று இரண்டு முறை கடிதம் எழுதினேன். இரண்டும் பிரசுரமாகவில்லை, பதிலும் வரவில்லை.

கட்டுரையில் என்னை ஆழமாக நோகச் செய்த பகுதி வேறு. டார்வினை ஊகம் என்று தள்ளிய அதே கட்டுரையாளர், நான்கு பந்திகள் கழித்து, மாணிக்கவாசக சுவாமிகள் “புல்லாகிப் பூடாய்” என்று பாடியதன் மூலம் டார்வினுக்கு முன்பே கூர்ப்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்கிறார். நான் நாள்தோறும் விளக்கேற்றிச் சிவபுராணம் ஓதுபவள். அந்த அடிகளில் பாம்புக்குப் பின் கல் வருகிறது, மனிதருக்குப் பின் பேய் வருகிறது. அது உயிரினங்கள் தோன்றிய வரிசையல்ல. எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்த ஓர் உயிர் இறைவனிடம் அழும் அழுகை. அந்த அழுகையை எடுத்து விஞ்ஞானத்துக்குச் சான்றிதழாக்குவது திருவாசகத்துக்கும் மரியாதையல்ல, விஞ்ஞானத்துக்கும் மரியாதையல்ல. நல்லூரில் தேர் அசையும்போது என் கையில் மயிர் சிலிர்த்து நிற்கும். உரோமம் அடர்ந்த மூதாதையர் குளிரிலும் அச்சத்திலும் உரோமத்தைக் குத்திட்டு நிறுத்திய அதே சிறு தசைகள்தான் இப்போதும் அதைச் செய்கின்றன என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் பக்தி ஓர் இம்மியும் குறைந்ததில்லை.

“கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே” என்ற அடியைக் காட்டி உலகின் முதல் மொழி தமிழே என்று நிறுவியிருப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அது புறப்பொருள் வெண்பாமாலையில் கரந்தைப் படலத்தில் ஒரு மறக்குடியின் பழமையைப் போற்றும் வெண்பா. மொழியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கல்லைப் பற்றி நான் ஒன்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் என் மாணவன் ஒருவன், தங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது எடுத்த சுண்ணக்கல் துண்டொன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தான். உள்ளங்கை அளவு, மங்கிய மஞ்சள் நிறம். ஒரு பக்கத்தில் சிப்பியின் வரிகள் விசிறிபோல் பதிந்திருந்தன, மறுபக்கத்தில் நகக்கண் அளவான சுருள் நத்தையின் அச்சு. இது எழுதும்போதும் அந்தக் கல் என் மேசையில் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலுள்ள பாறை மயோசீன் காலத்தில், ஐம்பது இலட்சம் வருடங்களுக்கும் முன்னர், கடலடியில் இப்படியான உயிர்களின் ஓடுகளும் சுண்ணமும் படிந்து உண்டானது. எங்கள் ஊரைப் பொறுத்தவரை உயிர் முந்தியது, கல் பிந்தியது. மனிதன் எங்குமே இருக்கவில்லை.

பேச்சு உயிர்ச்சுவடாகப் பதிவதில்லை. எங்கள் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் மொரோக்கோவில் கிடைத்தவை, ஏறத்தாழ மூன்று இலட்சம் வருடப் பழமையுடையவை. எழுத்தோ ஐயாயிரம் வருடமளவிலானது. இடையிலுள்ள அந்த நெடுங்காலத்தில் எத்தனை மொழிகள் பிறந்து மறைந்தன என்பதற்குத் தடயமே இல்லாததால், 1866 இல் பாரிஸ் மொழியியற் சங்கம் மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று விதியே செய்துகொண்டது. அப்படியிருக்க “மொழியியலாளர் அனைவரும் ஏற்றுக்கொண்டனர்” என்று எழுதுவது எவ்வளவு பெரிய பொய்! தமிழுக்கு இந்தப் பொய் தேவையில்லை. என் வீட்டிலிருந்து துவிச்சக்கரவண்டியில் போகக்கூடிய தூரத்திலுள்ள ஆனைக்கோட்டையில், பழைய ஈமப் புதைகுழியில் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக அறுபடாத இலக்கியம் எங்களிடம் இருக்கிறது. இருப்பதை எழுதினாலே பக்கம் நிறையுமே.

உயிரின் தோற்றத்தைப் பற்றி எழுதப் புகுந்தவர் எங்கள் நாட்டு இரசாயனவியலாளரான சிறில் பொன்னம்பெருமவை ஒரு வரியிலும் நினைக்கவில்லை. 1953 இல் அமெரிக்க இரசாயனவியலாளர் ஸ்ரான்லி மில்லர் மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றில் மின்பொறியைச் செலுத்தி, புரதங்களின் அடிப்படை அலகுகளான அமினோவமிலங்களைப் பெற்ற செய்தியை வெளியிட்டார். காலியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த பொன்னம்பெரும அந்தப் பாதையிலேயே சென்று, 1969 இல் அவுஸ்திரேலியாவில் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லினுள் அமினோவமிலங்கள் இருந்ததை அடுத்த வருடமே தம் குழுவினருடன் வெளிப்படுத்தினார். முதற் கலம் எவ்வாறு உருவாயிற்று என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை என்று நான் மாணவர்களுக்குச் சொல்லியே கற்பித்தேன். ஒரு கேள்விக்கு முழு விடை கிடைக்கவில்லை என்பதும், அறிந்தவை எல்லாம் ஊகம் என்பதும் ஒன்றல்ல.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. வருகிற ஞாயிறு மலரில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கூர்ப்பு ஊகமல்ல என்றும் இன்றுள்ள குரங்குகளிலிருந்து மனிதன் வந்ததாக அது கூறுவதில்லை என்றும் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இனிமேல் விஞ்ஞானக் கட்டுரை எதுவானாலும் அச்சுக்குப் போகுமுன் அந்தப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். ஓய்வுபெற்றவர்கள் இந்த ஊரில் பலர் இருக்கிறோம், ஊதியம் எதுவும் கேட்கமாட்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உயிரியல் பரீட்சை நெருங்குகிறது. திருத்தம் அதற்கு முன் வந்தால் நான் அதை வெட்டி அவளிடம் கொடுப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கொக்குவில்.