கல்லடிப் பழைய பாலத்தில் கண்ட ஐயாவுக்கு

போன செவ்வாய் பின்னேரம் கல்லடிப் பழைய பாலத்தில் என்னோடு நின்ற, நீலச் சாரம் கட்டிய ஐயாவுக்கு இந்த நன்றி. பெயர் கேட்க மறந்துபோனேன்.

மாரடைப்பு வந்து, இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்து மூன்று மாதம். சுகமாயிட்டுது என்ற துணிவில் வேகமாக நடந்து, பாதிப் பாலத்தில் மூச்சு வாங்கிக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். "இரு மனே" என்று இருத்தினீர்கள். நெஞ்சு நோகுதா, கை உளையுதா என்று கேட்டபடியே 1990 அம்புலன்ஸை அழைக்கப் போனையும் கையில் எடுத்துவிட்டீர்கள். நல்லவேளை, தேவைப்படவில்லை.

"நடக்கக்குள்ள கதைக்க ஏலணும், பாட ஏலாம இருக்கணும். அதுதான் அளவு."

பிறகு சேர்ட் பையிலிருந்து உங்கள் குளிசை அட்டையை எடுத்துக் காட்டினீர்கள். ஒவ்வொரு குளிசைக்குப் பின்னாலும் நீலப் பேனையால் திகதி. இரத்தம் உறையாமலிருக்கத் தந்த கிளோபிடோகிரல் குளிசையை நான் இரண்டு கிழமையாகப் போடவில்லை என்றதும் விழுந்த ஏச்சு! (அம்மாகூட அப்படி ஏசியதில்லை.) டொக்டர் சொல்லாமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறையலாம் என்று கிளினிக்கிலும் சொன்னவர்கள்தான், காதில் ஏறவில்லை.

அடுத்த நாளே கிளினிக் போய்க் கேட்டு, திரும்பத் தொடங்கிவிட்டேன். இப்போது என் அட்டையிலும் திகதி இருக்கிறது, பச்சைப் பேனையால். பின்னேரம் பாலத்துப் பக்கம் வந்தால் ஒருக்கா கையைக் காட்டுங்கள் ஐயா.