மொத்தம் மட்டும் பார்க்காதே

அன்புள்ள செல்விக்கு, அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய டிஸ்சார்ஜ் தாள்களைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். ‘எல்லாம் நார்மல்தான் அப்பா’ என்று ஒரு வரி போட்டிருக்கிறாய். யாரிடம் சொல்கிறாய்? தண்டையார்பேட்டையில் பாதிப் பேரின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவன் நான்.

மொத்த வெள்ளையணுக்கள் 6,200. 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம், சரி. அடுத்த வரி? அந்த வெள்ளையணுக்களில் நியூட்ரோபில் வகை 88 சதவீதம், லிம்போசைட் வகை 7. கணக்குப் போட்டால் லிம்போசைட் வெறும் 434. ஆயிரத்துக்குக் குறையக் கூடாது. ஃப்ளூ நுரையீரலில் இறங்கினால் இப்படித்தான். வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்ல வேண்டிய லிம்போசைட்டுகளில் பல ரத்தத்தை விட்டு நுரையீரலுக்குப் போய்விடும், பல செத்தும் போகும். நியூட்ரோபில்களோ கூட்டமாகப் பாய்ந்து, தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வீசும். வலையில் வேண்டிய மீன் மட்டுமா சிக்கும், காசிமேட்டில் பார்த்தவள்தானே நீ. நம் காற்றறைகளும் சேர்ந்து புண்ணாகும்.

கொரோனா நேரத்தில் ஸ்லைடில் நூறு செல் எண்ணுவேன். உருண்டையாக, அடர் ஊதாவாக ஒரு லிம்போசைட் கண்ணில் படுவதற்குள், மூன்று நான்கு துண்டாகக் கரு பிரிந்த நியூட்ரோபில்கள் வரிசையாக வரும். செல் எண்ணும் கவுண்டரில் ஒரே பொத்தானைத் தட்டி விரல் வலிக்கும். அந்தத் தாளைக் கொடுக்கும்போது வீட்டாரின் முகத்தைப் பார்க்க மாட்டேன். உன் தாளையும் அப்படித்தான் அம்மாவிடம் கொடுத்தேன்.

எட்டாம் வகுப்பிலேயே, ஈசினோபில் என்கிற வெள்ளையணு எது என்று ஸ்லைடில் சரியாகக் காட்டியவள் நீ. உனக்குத் தெரியாதா? தீபாவளிக்கு ‘வேலை’ என்றாயே, ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்த வாரம் அதுதானே? புனேயில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ‘உடன் இருப்பவர், உறவு’ என்ற இடத்தில் எழுதியிருப்பதை அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. கையெழுத்து நன்றாக இருக்கிறது. ராத்திரியெல்லாம் கண்விழித்தவருக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்.

ரத்தம் மறுபடி எடுத்துப் பார். நியூட்ரோபில் இறங்காவிட்டால் பாக்டீரியாவும் சேர்ந்ததா, கொடுத்த ஸ்டீராய்டாலா என்று டாக்டரைக் கேள். மொத்தத்தை மட்டும் அனுப்பாதே. நேரத்துக்குச் சாப்பிடு. ரத்தம் எடுத்துப் பார்.

பொங்கலுக்கு டிக்கெட் ஒன்றா இரண்டா என்று முன்கூட்டியே சொல். காணும் பொங்கலுக்கு அம்மா வஞ்சிரம் சொல்லி வைக்க வேண்டும்.

அப்பா