ரிச்சி தெரு ஐயாவுக்கு நன்றி

பெயர் போட வேண்டாம் என்றார். ஆனால் நன்றி சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

1984-ல் பள்ளிகளில் கணினி கற்பிக்கும் கிளாஸ் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்ததே பிபிசி மைக்ரோ கணினி, அப்படி ஒன்றைச் சரிசெய்து வருகிறேன். லேப்டாப்போடு இணைக்க, தரவு போய்வரும் அதன் சீரியல் போர்ட்டுக்கு 5 பின் டின் பிளக் (வட்டமான பிளக்) வேண்டும். எங்கும் கிடைக்கும் மிடி பிளக் (மின்னணு இசைக் கருவிகளை இணைப்பது) இதற்குச் சேராது. அதில் பின்கள் அரைவட்டமாக நிற்கும். இதிலோ பகடையில் ஐந்து விழுந்த மாதிரி மூலைக்கொன்று, நடுவில் ஒன்று. கேட்ட கடையெல்லாம் கைவிரித்தார்கள்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் இந்த ஐயா மட்டும் "உக்காருப்பா, பாக்குறேன்" என்று பழைய கேபிள் மூட்டையைத் தரையில் கொட்டினார். நிதானமாகத் தேடி இரண்டு எடுத்தார். ஒயரை நறுக்கி, பிளக்கை ஒரு பழைய சாக்கெட்டில் செருகி வைத்துக்கொண்டுதான் ஈயத்தை உருக்கினார். "சும்மா சுட்டா பிளாஸ்டிக் இளகி பின்னு சாஞ்சிடும்ப்பா." எவ்வளவு பெரிய பாடம்! காசும் வாங்கவில்லை.

பழைய ஃபிளாப்பிகளில் இருந்த பாட நிரல்கள் இப்போது ஒவ்வொன்றாக லேப்டாப்புக்கு வருகின்றன. ஐயா, ரொம்ப நன்றி.

இன்னொரு பிளக் என்னிடம் இருக்கிறது. தேவைப்படுபவர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.