பெங்களூரில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். ஆச்சிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது; சொட்டு மருந்தை அம்மா வேளை தவறாமல் விடுகிறாள். உனக்குக் கடலை மிட்டாய் பார்சல் அனுப்பியிருக்கிறாள். உன் உணவுப் பட்டியலில் அதற்கு இடமில்லை என்று எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. அறையில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு. மாமா வீட்டு விஷயம் நீ வந்துபோனபோது இருந்த நிலையிலேயே இருக்கிறது.

உன் முதல் சுற்று பேட்மிண்டன் ஆட்டத்தை யூடியூபில் முழுவதும் பார்த்தேன். முதல் கேமில் நீ வலையருகே ஆடிய விதத்தைக் கண்டு எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தரவரிசையில் உனக்கு எவ்வளவோ மேலே இருக்கும் ஒரு பெண்ணை, அடிக்கப்போவது வலையை ஒட்டி விழும் டிராப்பா, பின்னால் தூக்கி அடிக்கும் லிஃப்ட்டா என்று கடைசி நொடிவரை தெரியவிடாமல் நீ திணற வைத்தாய். ஹாக்கி மட்டையைத் தவிர வேறொன்றையும் மதிக்காத நம் கோவில்பட்டியில், இப்போது சின்னப் பிள்ளைகள் உன் ஆட்டம் எந்த நேரத்தில் என்று என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

தோற்றுவிட்டதாகவும் எதிரே ஆடிய பெண் நன்றாக ஆடியதாகவும் நீ சொன்னாய் என்று அம்மா சொன்னாள். நான் அவளிடம் எதையும் திருத்திச் சொல்லவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஸ்பெயினின் கரோலினா மரினைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும் என்று சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை உலகச் சாம்பியன், ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், உன் அறைச் சுவரில் படமாக இருப்பவர். அவரைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனாலும் அவருடைய முழங்கால்களின் கதையை ஒருமுறை வரிசையாக நினைத்துப் பார். 2019 ஜனவரியில் ஜகார்த்தாவில், நம் சாய்னாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் முன்னிலையில் இருந்தபோது வலது முழங்கால் ஜவ்வு அறுந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மாதக்கணக்கில் பொறுத்திருந்து, அந்த ஆண்டு செப்டம்பரில் திரும்பி வந்து சீன ஓப்பனை வென்றார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கிற்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன் பயிற்சியில் இடது முழங்கால் போனது. பாரிஸ் ஒலிம்பிக்கில், 2024 ஆகஸ்டில், அரையிறுதியில் முதல் கேமை எடுத்து இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்தபோது மறுபடியும் வலது முழங்கால். காலில் பட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்து ஆடப் பார்த்து, முடியாமல் கோர்ட்டிலேயே விழுந்து அழுததை நீயும் நானும் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அவர் விலகியதால் இறுதிக்குப் போன சீனாவின் ஹீ பிங்ஜியாவோ, பதக்க மேடையில் ஸ்பெயின் நாட்டுச் சின்னத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது நீ தொலைக்காட்சி முன்னிருந்து எழுந்து போய்விட்டாய்.

மரின் இடது கைக்காரர். பேக்ஹேண்ட் பக்கத்து, அதாவது ராக்கெட் பிடிக்காத கைப்பக்கத்துப் பின்மூலைக்கு ஓடி, தலையைச் சுற்றி ஓங்கி அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போது உடலின் எடை முழுவதும் ராக்கெட் பிடிக்காத பக்கத்துக் காலில்தான் விழுகிறது. இந்த ஆட்டத்தில் ஜவ்வு அறுவது பெரும்பாலும் அப்படித்தான் என்று நீதான் எனக்குப் படம் போட்டு விளக்கினாய். அவருக்கு வலது முழங்கால் எதுவோ, வலது கைக்காரியான உனக்கு இடது முழங்கால் அதுவே.

சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே அந்த மூலையில் புறங்கையால் அடிக்கும் பேக்ஹேண்ட் ஆட உனக்குப் பிடிக்காது. எவ்வளவு தூரமானாலும் உடலை வளைத்து, தலையைச் சுற்றித்தான் அடிப்பாய். இந்த ஆட்டத்தின் இரண்டாவது கேமில், ஷட்டில் அங்கே போனபோதெல்லாம் நீ பேக்ஹேண்டில் தட்டிவிட்டாய். ஒரு முறைகூட அந்தக் காலில் குதித்து இறங்கவில்லை. வியர்வை துடைக்கப் போனபோது எடை முழுவதையும் வலது காலில் வைத்து நின்றாய். இடது முழங்காலில் கட்டிய கறுப்புப் பட்டைக்கு மேலே, பட்டையின் நிறத்திலேயே ஒரு டேப்பும் ஒட்டியிருந்தது. முடிவுப் பட்டியலில் உன் பெயருக்கு எதிரே ஆட்டத்தின் நடுவே விலகியதாகப் போட்டிருக்கிறார்கள். தோற்பதும் விலகுவதும் ஒன்றில்லை என்பதைத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு இந்த ஆட்டத்தோடு நானும் வாழ்ந்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது என்பதால் அவளிடம் அப்படிச் சொன்னாய். எனக்குத் தெரியும் என்பதால்தான் என்னிடம் பேசவே இல்லையா?

உடனே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவிடு. பிசியோ தொட்டுப் பார்த்துச் சொல்வது போதாது.

நீ ஆட்டத்தை நிறுத்த மறுப்பதன் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. 52 வாரங்களில் ஆடிய போட்டிகளில் சிறந்த பத்தின் புள்ளிகளைக் கூட்டித்தான் உலகத் தரவரிசையைப் போடுகிறார்கள். சென்ற ஆண்டு இதே பருவத்தில் நீ அரையிறுதி வரை போன போட்டியின் புள்ளிகள் இந்த மாதம் கழிந்துவிடும். அதை ஈடுகட்டாவிட்டால் முதன்மைச் சுற்றிலிருந்து தகுதிச் சுற்றுக்கும், அங்கிருந்து யாராவது விலகினால் மட்டுமே இடம் கிடைக்கும் பட்டியலுக்கும் இறங்க நேரும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அறுந்த ஜவ்வோடு முதல் சுற்றுகளில் விலகிக்கொண்டே போனால் எந்தப் புள்ளியை ஈடுகட்ட முடியும்? நீண்ட காலக் காயத்துக்குத் தரவரிசையைப் பாதுகாத்துக் கொடுக்கும் விதி ஒன்று உண்டு என்று நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். அதற்கும் மருத்துவச் சான்று வேண்டும், சான்றுக்கு ஸ்கேன் வேண்டும்.

தென் கொரியாவின் ஆன் சே யங் வலியோடு ஆடித்தானே ஜெயித்தார் என்று நீ கேட்பாய். ஆமாம், 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியில், முதல் கேமிலேயே முழங்கால் பிசகியும் மூன்று கேம் ஆடித் தங்கம் வாங்கினார். அந்த ஆட்டத்தை நானும் கண் கலங்கப் பார்த்தவன்தான். ஆனால் மறு ஆண்டு பாரிஸில் ஒலிம்பிக் தங்கம் வென்ற அன்றே அவர் பேசியது என்ன? தன் காயம் நினைத்ததைவிடக் கடுமையானது என்றும், அது கையாளப்பட்ட விதம் தனக்கு ஏமாற்றம் தந்தது என்றும் உலகத்தின் முன்னால் சொன்னார். தங்கம் கையில் இருக்கும்போதே அந்தப் பெண் தன் முழங்காலைப் பற்றி வாய் திறந்து பேசினார். அவருடைய வலியைப் பின்பற்ற நினைக்கும் நீ, அந்தப் பேச்சையும் பின்பற்று.

1994இல் கோபிசந்துக்கு முழங்கால் உடைந்தபோது அவர் இனி ஆடமாட்டார் என்று பேசியவர்கள் பலர். அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டு, நிற்கவும் நடக்கவும் மறுபடி பழகி, 2001இல் ஆல் இங்கிலாந்து பட்டத்தைக் கொண்டுவந்தார். நடுவே ஏழு ஆண்டுகள். உனக்கு இன்னும் வயது இருக்கிறது, அம்மா. ஆறு மாதமோ ஒன்பது மாதமோ ஓய்வு என்று மருத்துவர் சொன்னால், அதைக் கேட்டு இந்த வீட்டில் யாரும் இடிந்துபோக மாட்டோம்.

பணத்தைப் பற்றி நீ நினைக்கிறாய் என்றும் எனக்குச் சந்தேகம். முதல் சுற்றோடு திரும்பினால் விமானக் கட்டணம்கூடத் தேறாத ஆட்டம் இது என்பது நமக்குப் புதிதில்லை. தம்பியின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியாகிவிட்டது. சீட்டுப் பணம் கார்த்திகையில் வருகிறது. அதை உன் மருத்துவத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். பெரியப்பாவிடம் கேட்க வேண்டிய நிலை வராது, அந்தச் சங்கடம் உனக்கு வேண்டாம்.

அடுத்த வாரப் போட்டியின் பட்டியலில் இன்னும் உன் பெயர் இருக்கிறது. ஸ்கேன் அறிக்கை வருவதற்கு முன் நீ கோர்ட்டில் இறங்கக் கூடாது. உன் ஆட்டத்தைப் பற்றி இதுவரை நான் உனக்கு எந்தக் கட்டளையும் இட்டதில்லை. எதை ஆடுவது, யாரிடம் பயில்வது, எந்த ஊருக்குப் போவது என்று எல்லாவற்றையும் நீயே முடிவு செய்தாய், நன்றாகவே முடிவு செய்தாய். இந்த ஒன்றில் மட்டும் அப்பா சொல்வதைக் கேள். பயிற்சியாளரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் நான் அவரிடம் பேசுகிறேன்.

ஸ்கேன் எடுத்த அன்றே அறிக்கையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. அம்மாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு ரயிலுக்கு எனக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை அங்கே இருப்பேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், மாடிப்படி இறங்க வேண்டாம், அறையிலேயே இரு.

அன்புடன்,
அப்பா