மக்களவையில் நம் மலைக்காக என்ன கேட்கப்பட்டது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எம்.பி. நிதியில் கட்டிய நிழற்குடை, சமுதாயக் கூடம் ஆகியவற்றின் திறப்பு விழாக்களைத் தங்கள் நாளிதழ் தவறாமல் படத்தோடு வெளியிடுகிறது. அது வேண்டியதுதான். ஆனால் கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் நீலகிரிக்காக மக்களவையில் என்ன கேட்கப்பட்டது, அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பது நம் மாவட்டப் பக்கத்தில் வருவதே இல்லை. அதையும் வெளியிடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். உதகை, குன்னூர், கூடலூரோடு கீழே மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதிலும் உறுப்பினர் பரிந்துரை செய்யலாம். வேலையை முடிப்பது மாவட்ட நிர்வாகம். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் ஊராட்சி, நகராட்சி இருக்கின்றன. டெல்லியில் பேசினால் மட்டுமே நகரும் காரியங்கள் வேறு. தேயிலை வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். மலை ரயில் ரயில்வேயுடையது. படுகர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்ப்பதென்றாலும் நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டும்.

543 பேர் உள்ள அவையில் ஓர் உறுப்பினர் இவற்றை எப்படிக் கேட்பார்? காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளுக்கு 20. அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஆனால் குலுக்கலில் பெயர் வர வேண்டும். வந்தாலும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் முறை வருமா என்பது நிச்சயமில்லை. எழுத்து மூலம் பதில் பெறும் கேள்விகள் நாளுக்கு 230 வரை. சத்தமில்லாத இந்தக் கேள்விகளால்தான் நமக்கு அதிகப் பயன் என்பது என் எண்ணம். புள்ளிவிவரத்தோடு அரசின் பதில் ஆவணமாகக் கையில் கிடைத்துவிடுகிறது.

"பரிசீலனையில் உள்ளது" என்று ஓர் அலுவலகத்தில் சொன்னால், நம் மனு அதோடு முடிந்தது என்று வீடு திரும்புகிறோம். மக்களவையில் அமைச்சர் அப்படிச் சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கில் எழுதப்படும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அரசு உறுதிமொழிக் குழுவிடம் அமைச்சகம் காரணம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும். 15 பேர் கொண்ட அந்தக் குழுவில் அமைச்சர் எவரும் இருக்க முடியாது. பச்சைத் தேயிலை விலை பற்றி இப்படியொரு பதில் வந்திருந்தால், நான்காவது மாதம் அதை விடாமல் கேட்கும்படி நம் உறுப்பினரை நாம் நெருக்க வேண்டும். பதில் வந்ததே தெரியாமல் எப்படி நெருக்குவது?

அமைச்சகங்களின் வேலையையும் செலவையும் ஆராயும் எம்.பி.க்களின் நிலைக்குழுக்கள் விஷயமும் அப்படித்தான். துறைசார் நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். வர்த்தக அமைச்சகம் தன் ஆண்டுச் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை, தேயிலை வாரியத்துக்கான பணம் உட்பட, வர்த்தக நிலைக்குழுவின் ஆய்வுக்குப் போகிறது. அவையில் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் 1985-ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். குழுவில் கொறடா கிடையாது. கட்சி எதுவானாலும் தன் தொகுதிக்காக மனம்விட்டுப் பேச அங்கே இடமிருக்கிறது. நம் உறுப்பினர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று எங்கள் பகுதியில் விசாரித்தால் சொல்ல ஆளில்லை. யார் ஜெயித்து வந்தாலும் இதே கதைதான்.

ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும். கேள்வி, தேதி, அமைச்சரின் பதில், உறுப்பினர் இருக்கும் குழு. எல்லாம் மக்களவை இணையதளத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கின்றன. இலை பறித்து எடை போட்டுவிட்டு மாலையில் பேப்பரைப் பிரிக்கும் எங்களுக்கு அது தமிழில் வேண்டும்.

மக்களவைக்குப் பொதுமக்களே மனு எழுதி, உறுப்பினர் ஒருவரின் மேலொப்பத்தோடு அவர் மூலம் அவையில் வைக்கலாம். மனுக்கள் குழு அதைப் பரிசீலிக்கும். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு அப்படியொரு மனு எழுத எங்கள் பகுதி சிறு விவசாயிகள் பேசி வருகிறோம். அதற்குமுன் இதே விஷயம் அவையில் ஏற்கெனவே எழுந்ததா, என்ன பதில் கிடைத்தது என்பது எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். வரும் கூட்டத்தொடரிலிருந்தே இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி.