பிள்ளை யாருடைய வரிப் படிவத்தில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் விவாகரத்துப் பெற்ற எம்மவர்களிடையே, பிள்ளையை வருமான வரிப் படிவத்தில் காட்டி வரிச்சலுகை பெறுவது யார் என்று எழும் பிணக்கு, மட்டக்களப்பிலும் களுவாஞ்சிக்குடியிலும் இருக்கும் தாய் தகப்பன், மாமன் மாமி வரை வந்துவிடுகிறது. அவர்கள் நல்லெண்ணத்தோடு தொலைபேசியில் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் பிழையாக இருப்பதாலேயே இதை எழுதுகிறேன்.

"மாதாமாதம் காசு கட்டுறவன் அவன்தானே, அவனே காட்டட்டும்" என்பதுதான் இங்கு வழமையான பேச்சு. எமது நாட்டில் தாபரிப்பு வழக்கு நீதவான் நீதிமன்றத்தோடு நின்றுவிடும். வருமான வரியில் பிள்ளைக்கென்று தனிக் கழிவு இன்று இல்லை என்பதால், எமக்கு இந்தக் கேள்வியே பழக்கமில்லாதது. அமெரிக்க வரித் திணைக்களமான ஐ.ஆர்.எஸ்., தாபரிப்புப் பணம் கட்டியது யார் என்று பார்ப்பதில்லை. அந்த வருடத்தில் பிள்ளை யாருடைய வீட்டில் கூடுதலான இரவுகள் தங்கியது என்றுதான் பார்க்கிறது. இரவுகள் சரிசமமானால் வருமானம் கூடியவருக்கே அந்த உரிமை. எனக்குத் தெரிந்த தாயொருவர், பிள்ளை தகப்பனிடம் போய்த் தங்கிய இரவுகளை நாட்காட்டியில் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். விசாரணை என்று வந்தால் அது அவருக்கு உதவும்.

பிள்ளை தாயுடன் வாழ்ந்தால், அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதற்கான 8332 ஆம் இலக்கப் படிவத்தில் அவர் கையொப்பமிட்டுக் கொடுத்த பின்னரே தகப்பன் பிள்ளையைக் காட்டி, பிள்ளைக்குரிய வரிச்சலுகையைப் பெறலாம். 2008க்குப் பின் வழங்கப்பட்ட விவாகரத்துத் தீர்ப்பில் 'ஒரு வருடம் தாய், மறு வருடம் தகப்பன்' என்று எழுதியிருந்தாலும், அந்தத் தீர்ப்பு மட்டும் படிவத்துக்கு ஈடாகாது. அதற்காக, நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட தாய் கையொப்பமிட மறுப்பதும் நியாயமல்ல. அவர் அந்த நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம். இருவருமே பிள்ளையைக் காட்டினால், உரிமையில்லாதவர் பெற்ற தொகையை வட்டியோடு திருப்பிக் கட்ட நேரும், தண்டப்பணமும் சேரக்கூடும். அந்தக் காசு பிள்ளையின் செலவிலிருந்துதான் குறையும்.

ஆகவே, "சண்டை வேண்டாம் மகள், கையெழுத்தை வைச்சுக் குடு" என்று சொல்லும் பெரியவர்களிடம் ஒன்றை வேண்டுகிறேன். அந்தப் படிவத்தில் ஒரு வருடத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்கவும், வரும் வருடங்களுக்கும் சேர்த்து விட்டுக்கொடுக்கவும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. பிற்பகுதியில் ஒப்பமிட்டவர் பின்னர் மனம் மாறி மீளப்பெற்றாலும், அது அடுத்த வருடத்திலிருந்துதான் செல்லும். எந்தப் பகுதியில் ஒப்பமிடுகிறாள் என்று கேட்டறிந்த பின் புத்தி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.