சில்வர் பீச்சுக்கு வந்தவர்களுக்கும், வராமல் உதவியவர்களுக்கும்

கடலூர் மக்களே, நன்றியை யாரிடம் ஆரம்பிப்பது என்று பார்த்தால், செப்டம்பர் 21 அன்று தேவனாம்பட்டினம் பக்கமே வராதவர்கள்தான் முதலில் வருகிறார்கள். உலக அல்சைமர் தினத்துக்கு, நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் அந்த நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் எங்களைப் போன்ற குடும்பத்தினர் கடற்கரையில் நின்று பேச வேண்டுமென்றால், அந்நேரம் அம்மாவையும் அப்பாவையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே! எங்கள் அம்மாவோடு பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தால் அம்மாவுக்கு ஒரு பரபரப்பு வந்துவிடும், சொந்த வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று செருப்பைத் தேடுவார். அக்கா மறுத்துப் பேசவே இல்லை, "சரிம்மா, போலாம், இந்த முருங்கைக்கீரையை மட்டும் உருவிக் கொடுத்துடுங்க" என்றாராம். அவ்வளவுதான், அம்மா உட்கார்ந்துவிட்டார்.

வீதி நாடகம் போட்ட கல்லூரிப் பிள்ளைகளே, மருமகள் தோட்டைத் திருடிவிட்டாள் என்று மாமியார் கத்துகிற காட்சியில் முதலில் எல்லாரும் சிரித்தார்கள், அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் பல பெண்கள் வந்து எங்கள் வீட்டிலும் இதேதான் என்றார்கள். வைத்த இடம் மறந்துபோகிறது, வைத்ததே தான்தான் என்பதும் மறந்துபோகிறது, மிஞ்சுவது சந்தேகம் மட்டும். அது நோயின் வேலை என்று தெரியாமல் பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்கள் நம் ஊரிலேயே உண்டு.

ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. "வயசானா மறதி சகஜம்தானே", "வல்லாரை சாப்பிட்டா சரியாகுமா" என்று கேட்டவர்களிடம் துளியும் சலிக்காமல், கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் ஆயுசு முழுக்க வைத்த ரசத்துக்கே கை தடுமாறினால் டாக்டரிடம் போங்கள் என்றார். பி12 சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும்கூட மறதியைக் கொண்டுவரும், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. அல்சைமரை முழுக்கக் குணமாக்க இன்னும் மருந்தில்லை, சிலருக்குச் சில காலம் தாக்குப்பிடிக்க உதவும் மாத்திரைகள் இருக்கின்றன. இதையும் அவர் மறைக்கவில்லை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு அல்சைமர் உள்ளிட்ட மறதிநோய் (டிமென்ஷியா) இருப்பதாக மதிப்பீடு என்று அவர் சொன்னபோது, சுண்டல் விற்றவர்கூட நின்று கேட்டார்.

முதியோர் உதவி எண் 14567-ஐ வண்டியில் ஒட்டிக்கொண்ட ஆட்டோ அண்ணன்களுக்கும், மைக் செட் மக்கர் பண்ணியபோது தொண்டை கிழியக் கத்திய தம்பிக்கும் நன்றி.

ஒரு மணி நேரம் யார் வீட்டிலாவது உட்கார முடிந்தவர்கள் சொல்லுங்கள், எங்களுக்கு அதுதான் பெரிய தேவை, பணம் அப்புறம். யாரோ கொடுத்த நீல நாற்காலி ஒன்று எங்கள் திண்ணையில் கிடக்கிறது, உரியவர் வந்து எடுத்துக்கொள்ளவும்.